குளக்கரை நடை

மனிதன் நடக்கும் வழிகள் பல. மலைமேல் ஏறும் வழி ஒன்று. காட்டினுள் புகும் வழி ஒன்று. கடற்கரை மணலில் கால் புதையச் செல்லும் வழி ஒன்று. இவர்களுள் மலையேறி வந்தவனையே ஊரார் வியந்து நோக்குவர். அவன் ஏறிய உயரத்தை எடுத்துரைப்பான்; மற்றவர் இமை கொட்டாமல் கேட்பர். சமநிலத்தில் நடந்து வந்தவனை, "எங்கே போய் வந்தீர்?" என்று கேட்பாரும் இலர். ஆயினும், மேடும் பள்ளமும் இல்லாத வழியில், நீர்நிலையின் ஓரமாக, ஆர அமர நடப்பவன் காணும் காட்சிகள் சிறிதும் குறைந்தவை அல்ல. ஏறுபவனுடைய கண் அடுத்த அடியை ஊன்றும் கல்லிலேயே நிற்கும். நிரந்த வழியில் நடப்பவனுடைய கண்ணோ நாற்புறமும் உலவும். காலுக்கு வேலை குறையக் குறையக் கண்ணுக்கும் காதுக்கும் வேலை மிகும். இவ்வுண்மையை என் அறுபதாம் அகவைக்குப் பின் நாள்தோறும் உணர்ந்து வருகின்றேன்.

நான் பிறந்த ஊர் ராயகிரி. தென்காசி மாவட்டத்தில், சிவகிரிக்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது அது. எங்கள் மாவட்டத்தின் பெயரைக் கேட்டவுடன் வெளியூரார்க்குக் குற்றாலமே நினைவுக்கு வரும். ஆனியிலும் ஆடியிலும் சாரல் வீச, அருவி ஆர்ப்பரிக்க, மக்கள் வெள்ளம் அங்கே திரளும். அருவியின் அழகை மறுப்பார் யார்? எனினும், மலையில் விழுந்த நீர் மலையோடு நின்றுவிடுவதில்லை. அது கீழே இறங்கி, ஓடையாய் ஓடி, ஊர்க்குளத்தில் அமைதியாகத் தங்குகின்றது. ஆர்ப்பரிக்கும் நீரைக் காணப் பல்லாயிரவர் செல்கின்றனர். அடங்கி நிற்கும் நீரைக் காணச் செல்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவனாக என்னை ஆக்கியது என் முழங்கால்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், முழங்காலில் வலி தோன்றியது. மருத்துவர் என்னைச் சோதித்துப் பார்த்து, "ஐயா, மலையேற வேண்டா, படியேறுவதையும் குறைத்துக் கொள்ளுங்கள். ஆனால், நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். சமதரையில் நாள்தோறும் ஒரு மணி நேரம் நடந்து வாருங்கள்" என்றார். சமதரைக்கு எங்கே போவது? பெருஞ்சாலையில் ஓயாத வண்டிகள், தெருக்களிலோ இடமில்லை. ஊருக்குக் கிழக்கேயுள்ள குளத்தின் கரை என் கண்ணில் பட்டது. அன்று தொட்டு அதுவே எனக்கு நடைவழி ஆயிற்று.

எங்கள் பக்கத்துக் குளங்களின் அமைப்பை அறிந்தாலன்றி இவ்வழியின் சிறப்பு விளங்காது. மலையிலிருந்து இறங்கும் நீர் முதலில் ஒரு குளத்தை நிரப்பும். அது நிரம்பியதும், மிகுந்த நீர் மறுகால் வழியே பாய்ந்து அடுத்த குளத்தைச் சேரும். அதுவும் நிரம்பினால், அதற்குக் கீழுள்ள குளம் பயன்பெறும். இவ்வாறு, கைகோத்து நிற்கும் உடன்பிறந்தார் போல, ஒரு குளம் மற்றொரு குளத்திற்கு உதவி நிற்கும். தமிழ்நாட்டில் இத்தகைய ஏரிகளும் குளங்களும் ஏறத்தாழ 40,000 உள்ளன என்பர். குளத்தின் கரை பிறைபோல் வளைந்திருக்கும். கரைமேல் நின்றால், ஒருபுறம் உள்வாயில் நீர் பரந்து கிடக்கும். மறுபுறம் மடைநீர் பாயும் நஞ்சை பசுமை விரித்திருக்கும்.

கரை ஏன் நிரந்திருக்கின்றது என்று ஒருநாள் சிந்தித்தேன். நீர் எப்போதும் மட்டமாக நிற்பது. ஆதலால், அதனைத் தாங்கும் கரையும் மட்டமாக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் ஒரு முழம் தாழ்ந்தாலும் பெருமழைக் காலத்தில் அங்கே உடைப்பெடுக்கும்; ஊரும் வயலும் அழியும். பெயர் தெரியாத முன்னோர் மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டி, மிதித்து, மட்டம் பார்த்து அமைத்த வழி இது. இவ்வழி நிரந்திருப்பது என் முழங்காலின் நலம் கருதி அன்று. ஊரின் உயிரைக் கருதியே. பிறர் நலத்திற்காக இட்ட மண்ணின்மேல் நடக்கின்றோம் என்ற நினைவு வந்ததும், என் நடையில் ஒரு பணிவும் தானே வந்து சேர்ந்தது.

மார்கழித் திங்களின் விடியற்காலையில் அக்கரையில் நடப்பது தனி இன்பம். ஐப்பசி, கார்த்திகை மழையால் குளம் நிறைந்திருக்கும். நீரின்மேல் வெண்பனி மெல்லிய ஆடைபோல் படிந்திருக்கும். முதலில் நம் வருகையை அறிவிப்பது ஆள்காட்டிக் குருவி. எவ்வளவு மெல்ல அடியெடுத்து வைத்தாலும் அதன் கண்ணுக்குத் தப்ப இயலாது. அது கூவிக்கொண்டு எழுந்தவுடன் மற்றப் பறவைகள் விழிப்படையும். நாம் அசையாமல் நின்றால், சற்று நேரத்தில் மீண்டும் அமைதி நிலவும். அதன் பிறகே குளம் தன் செல்வத்தைக் காட்டத் தொடங்கும்.

முக்குளிப்பான் என்னும் சிறு பறவை ஓரிடத்தில் மூழ்கி, நாம் எதிர்பாராத வேறோரிடத்தில் தலை தூக்கும். நீர்க்காகம் பட்ட கிளையில் அமர்ந்து, நனைந்த சிறகுகளை விரித்துக் காயவைக்கும். தாமரை இலைமேலும் ஆம்பல் இலைமேலும் நீண்ட விரல்களை ஊன்றி இலைக்கோழி நடந்து செல்லும். அதன் அடிக்கு இலை மூழ்குவதில்லை. மடையின் வாயிலில் மண்ணிறம் பூண்டு, துறவிபோல் ஒடுங்கி நிற்கும் ஒரு பறவை. அருகே சென்றால் சட்டென வெண்சிறகு விரித்துப் பறந்துவிடும். மண்ணாக இருந்தது ஒரு நொடியில் பாலாக மாறிய வியப்பு நமக்கு உண்டாகும். அதற்கு மடையான் என்று பெயர். மடையருகே நிற்பதைக் கண்டே முன்னோர் அப்பெயரை வைத்தனர் போலும்!

வயற்பக்கம் திரும்பினால் நத்தைகுத்தி நாரையைக் காணலாம். அதன் அலகுகள் இரண்டும் நடுவில் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடைவெளி விட்டிருக்கும். அது நீரிலும் சேற்றிலும் உள்ள நத்தைகளைத் தேடிப் பிடித்து உண்ணும். நெற்பயிரைத் தின்னும் நத்தைகளை அது கூலியின்றிக் களைந்து தருகின்றது. மேயும் மாட்டின் காலடியில் எழும் பூச்சிகளை உண்ணிக் கொக்கு பற்றும். உழுபவன் பின்னே கொக்குகள் வரிசையாக நடந்து செல்லும் காட்சி, ஆசிரியர் பின்னே செல்லும் மாணவர் கூட்டத்தை எனக்கு நினைவூட்டும்.

என் பாட்டனார் எனக்குத் திண்ணையில் நிகண்டு பயிற்றினார். பறவைகளின் பெயர்களை அடுக்கடுக்காகச் சொல்லி மனப்பாடம் செய்விப்பார். குருகு, நாரை, கம்புள், தாரா என்று நானும் பாடம் ஒப்பித்தேன். பின்னர்ப் புலவர் வகுப்பில் பயின்றபோது, வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்றும், நீர்ப்பறவைகள் அதன் கருப்பொருள் என்றும் இலக்கணம் கற்றேன். செங்கால் நாரையைத் தன் மனைவிக்குத் தூதாக விடுத்த சத்திமுற்றப் புலவர், அது தென்குமரி வரை வந்து வடதிசை திரும்பும் இயல்பினது என்பதை அறிந்திருந்தார். பறவைகள் பருவந்தோறும் திசை மாறிச் செல்லும் செய்தியை நம் புலவர்கள் கண்ணால் கண்டு பாடியிருக்கின்றனர். நூலில் கற்ற பெயர்களுக்கெல்லாம் குளக்கரை எனக்கு உருவம் காட்டியது. ஏடு சொல்லைத் தந்தது; கரை பொருளைத் தந்தது.

எங்கள் ஊர்க்குளம் தந்த ஆர்வம் என்னைக் கூந்தன்குளத்திற்கு இட்டுச் சென்றது. அது திருநெல்வேலி மாவட்டத்தில், நாங்குநேரி வட்டத்தில் உள்ள சிற்றூர். சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி அடைந்து, அங்கிருந்து மூலைக்கரைப்பட்டி சென்று, மேலும் சில கிலோமீட்டர் தொலைவு போனால் அவ்வூரை அடையலாம். வழி முழுவதும் சமவெளி. பனையும் உடைமரமும் நிறைந்த செம்மண் நிலம். இத்தகைய வறண்ட நிலத்தில் நீர்ப்பறவைகளுக்கு என்ன வேலை என்று புதியவர் ஐயுறுவர். ஆனால், ஊர் எல்லையை அடைந்ததும் அந்த ஐயம் பறந்துவிடும்.

கூந்தன்குளமும் அதனையடுத்த காடன்குளமும் சேர்ந்து 1994-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இரண்டும் இயற்கை ஏரிகள் அல்ல. பாசனத்திற்கென மக்கள் வெட்டிய குளங்கள். மழைநீரோடு மணிமுத்தாற்று அணையிலிருந்து வரும் நீரும் இவற்றிற்கு உதவுகின்றது. குளத்தில் நீர் நிறைந்த பின், மார்கழி, தை மாதங்களில் பறவைகள் திரளாக வந்து சேரும். கூழைக்கடாவும், மஞ்சள்மூக்கு நாரையும், கரண்டிவாயனும், அரிவாள்மூக்கனும் இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பூநாரைகள் செந்நிறச் சிறகு காட்டி ஆழமில்லாத நீரில் நிற்கும். வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத்து முதலிய உயர்நிலங்களின் ஏரிகளிலிருந்து இமயத்தையும் கடந்து இங்கே வருகின்றன. உலகின் மிக உயர்ந்த மலையைக் கடந்த பறவை, ஓய்வெடுக்கத் தேர்ந்துகொண்ட இடம் ஒரு தட்டையான குளம்! இதனை எண்ணியபோது, சமநிலத்தின்மேல் எனக்கிருந்த மதிப்பு மேலும் பெருகியது.

அங்கே நான் கண்ட பெருவியப்பு வேறொன்று. பறவைகள் குளத்து மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள்ளே, வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கூடு கட்டியிருந்தன. கீழே பெண்கள் கோலமிட்டனர். மேலே தாய்ப்பறவை குஞ்சுக்கு மீன் ஊட்டியது. இரண்டும் ஒரே குடும்பத்தின் செயல்கள் போலத் தோன்றின. திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரை அணுகி, "அண்ணாச்சி, இத்தனை பறவைகள் வீட்டு மரத்தில் தங்கினால், எச்சமும் நாற்றமும் இரைச்சலும் உங்களுக்குத் தொல்லையாக இல்லையா?" என்று வினவினேன்.

அவர் சிரித்து, "தொல்லைதான், ஐயா. பிள்ளைப்பேற்றுக்கு மகள் வந்திருக்கும் வீட்டில் தொல்லை இல்லாமல் இருக்குமா? இரவில் குழந்தை அழும். துணி துவைத்து மாளாது. அதற்காக மகளை வரவேண்டா என்று சொல்லுவோமா? இவையும் எங்கள் ஊருக்குப் பேறுகாலத்திற்கு வந்தவைதாம். எச்சம் விழுந்த நீரும் வண்டலும் எங்கள் வயலுக்கு உரம். வந்தவை வெறுங்கையோடு வரவில்லை" என்றார்.

தீபாவளி நாளிலும் அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்துப் பேணி வளர்க்கின்றனர். வேட்டையாட வருவோரை ஊரே கூடித் தடுக்கின்றது. சட்டம் அங்கே வந்தது 1994-இல். அன்போ அதற்கு முன்பே வந்துவிட்டது. பின்னர், உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் கூந்தன்குளம் இடம்பெற்றது. காசுபியன் கடலோரத்தில் ஈரான் நாட்டிலுள்ள ராம்சார் என்னும் நகரில், 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், ஈரநிலங்களைக் காக்க நாடுகள் பல உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 1982-இல் அதில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் முதன்முதல் அப்பட்டியலில் சேர்ந்த இடம் கோடியக்கரை, ஆண்டு 2002. 2025-இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டு இடங்கள் 20 ஆயின. அவற்றுள் பல, உழவுக்காக வெட்டிய ஏரிகளும் குளங்களுமே என்பதை நாம் மறத்தலாகாது.

ஊரார் பறவையைக் காத்த வரலாறு தமிழ்நாட்டில் புதிதன்று. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடுவதைத் தடுக்குமாறு உழவர்கள் ஆங்கில அதிகாரியிடம் முறையிட்டு ஆணை பெற்றனர். அது 1936-இல் சரணாலயமாக ஏற்கப்பட்டது. அக்காலத்தில் வடநாட்டில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டுக் காணுங்கள். இராசத்தானத்துப் பரத்பூரிலும் மனிதர் அணைகட்டி உண்டாக்கிய அழகிய நீர்நிலை உண்டு. ஆனால், அது மன்னரின் வேட்டைக்களமாக இருந்தது. 1938-ஆம் ஆண்டில் அங்கு நடந்த வேட்டையில், ஒரே நாளில் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்தக் கணக்கைக் கல்லிலும் பொறித்து வைத்தனர்! இன்று அவ்விடம் கேவலாதேவ் தேசியப் பூங்கா. 1985 முதல் உலக மரபுச் சின்னம். வேட்டைக்காரர் சென்ற அதே சமவழியில் இப்போது மிதிரிக்‌ஷா ஓட்டுவோர் விருந்தினர்க்குப் பறவைகளின் பெயரைச் சொல்லிச் செல்கின்றனர். வழி மாறவில்லை; நடப்பவனின் நெஞ்சம் மாறியது.

எங்கள் பக்கத்தில் மற்றோர் எடுத்துக்காட்டு, தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலைச் சூழ்ந்த முதிய மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் நாரையும் கொக்கும் குடியேறி வாழ்கின்றன. ஊராரின் இசைவோடு 2005-ஆம் ஆண்டில் அவ்விடம் பறவைகள் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு மூன்று எக்டேரையும் எட்டாது. ஆயினும் என்ன? ஆற்றங்கரை, கோயில், பழமரங்கள், பறவை, மக்கள் ஆகிய ஐந்தும் அங்கே ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன. காப்பதற்கு நிலத்தின் அகலம் போதாது. மனத்தின் அகலம் வேண்டும்.

சிங்கப்பூரில் வாழும் என் மகள், அங்குள்ள சுங்கை பூலோ என்னும் ஈரநிலத்தைப் பற்றி எனக்கு எழுதினாள். முன்னாளில் அங்கே இறால் வளர்க்கும் குட்டைகள் இருந்தன. மதகு வைத்து நீரை விடுவர், அடைப்பர். சைபீரியா முதலிய குளிர்நாடுகளிலிருந்து வரும் பறவைகள் அச்சேற்றில் இரை தேடின. இயற்கை அன்பர்களின் முயற்சியால் 1993-இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது; 2002-இல் காப்பகம் ஆயிற்று. சதுப்பின்மேல் மரப்பலகை பாவிய நிரந்த வழி அமைத்துள்ளனராம். முதியோரும், குழந்தைகளும், சக்கர நாற்காலியில் செல்வோரும் அவ்வழியே போய்ப் பறவைகளைக் காண்கின்றனராம். கடல் கடந்த நாட்டிலும் மனிதன் அமைத்த மதகும் பறவையின் பசியும் உறவு கொண்டிருப்பதை அறிந்து மகிழ்ந்தேன்.

இவ்வுறவு எளிதில் அமைவதன்று. அதற்கு விலை உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். நான் நடக்கும் குளத்தின் உள்வாயில் நாட்டுக் கருவேல மரங்கள் தோப்பாக நின்றன. அவை முற்றியதும் ஏலமிட்டு விறகுக்கு வெட்டுதல் வழக்கம். அவ்வாண்டு ஏலம் முடிந்தது; பங்குனியில் வெட்டும் வேலை ஓர் ஓரத்தில் தொடங்கியது. மரங்களிலோ கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தன. குஞ்சுகளுக்கு இறகு முற்றவில்லை. செய்தி அறிந்து சிலர் கரையில் கூடினோம். "குஞ்சுகள் பறக்கும் வரை பொறுக்கலாகாதா?" என்று நான் கேட்டேன்.

அப்போது உழவர் ஒருவர் முன்வந்து, "ஐயா, உங்களுக்கு நடக்கப் பொழுது இருக்கிறது; பறவை பார்க்க மனம் இருக்கிறது. எனக்கோ கடைமடையில் இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. மரம் போனால்தான் வண்டல் எடுக்க வண்டி இறங்கும். வண்டல் எடுத்தால்தான் குளம் ஒரு முழம் நீர் கூடுதலாகக் கொள்ளும். அந்த ஒரு முழ நீரில்தான் என் பிசானப் பயிர் கதிர் பிடிக்கும். குஞ்சுக்கு இரங்கும் நீங்கள் என் பிள்ளைகளுக்கும் இரங்க வேண்டாமா?" என்றார். அவர் சொல்லில் பொய் இல்லை. கூட்டம் வாயடைத்து நின்றது. இலக்கணமும் இலக்கியமும் கற்ற எனக்கும் அவ்வினாவிற்கு உடனே விடை தோன்றவில்லை.

விடை கூறியவர், ஏட்டுக் கல்வி இல்லாத ஒருவர். பல்லாண்டுகளாக அக்குளத்தின் மடையைத் திறந்து அடைத்து வரும் முதியவர். அவர் கையிலிருந்த மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "தம்பி, வண்டி இறங்க வேண்டுமானால் உள்வாய் காய வேண்டும். இன்னும் முழங்கால் சேறு கிடக்கிறது. அது காய நாற்பது நாள் ஆகும். குஞ்சு பறக்கவும் நாற்பது நாள் ஆகும். இரண்டுக்கும் நாள் ஒன்றுதான். இதில் சண்டை எதற்கு? மறுகாலுக்குப் பக்கத்தில் மேட்டில் நிற்கும் மரங்களால் நீருக்கும் தடையில்லை, வண்டிக்கும் தடையில்லை. அவற்றை நிரந்தரமாகவே விட்டுவிடலாம்" என்றார். குளத்தை நன்கு அறிந்தவர் அவர். ஆதலால், அவர் சொல் எல்லார்க்கும் பொதுவாயிற்று. ஏலம் எடுத்தவரும் இசைந்தார்.

ஓரத்தில் நின்ற சில மரங்கள் அதற்கு முன்னரே வீழ்ந்துவிட்டன. அவற்றின் கீழே கிடந்தவற்றை இங்கே விரித்துரைக்க மனம் வரவில்லை. மற்றவை பிழைத்தன. வைகாசியில் வண்டல் எடுத்தனர். அடுத்த ஆண்டு மழை பெய்து குளம் பெருகியது. கடைமடைக்கும் நீர் சென்றது. மேட்டு மரங்களில் மீண்டும் கூடுகள் தோன்றின. அத்தைத் திங்களில் ஒருநாள், உண்டிவில்லோடு நின்ற சிறுவன் ஒருவனை ஒருவர் அதட்டி விரட்டிக்கொண்டிருந்தார். அருகில் சென்று பார்த்தேன்; என்னோடு வழக்காடிய அதே உழவர்! என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆயினும், அவர் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது.

குளம் அழிந்தால் பறவைக்கு மட்டுமே கேடு என்று எண்ணுவது அறியாமை. குளம் மழைநீரைத் தேக்கி வெள்ளத்தைத் தணிக்கின்றது. கோடையில் கிணற்றுக்கு ஊற்று அளிக்கின்றது. கால்நடைக்கு நீரும் வயலுக்கு வண்டலும் வழங்குகின்றது. சென்னைக்கருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி குப்பை மேடாகவும் கட்டடமாகவும் மாறிவிட்டது. எஞ்சிய பகுதியைத்தான் இப்போது அரசு அரிதின் முயன்று காத்து வருகின்றது. சிற்றூர்க் குளங்களுக்கும் பகைகள் பல. சீமைக் கருவேலம் உள்வாயெங்கும் அடர்கின்றது. வரத்துக் கால்வாய் தூர்ந்து போகின்றது. கரையோரம் நெகிழிக் குப்பை குவிகின்றது. சங்கிலியில் ஒரு குளம் கெட்டால் அதற்குக் கீழுள்ள குளமெல்லாம் நலிவடையும். எங்களூர்க்கு மேற்கேயுள்ள மலைக்காடுகள் 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தைச் சார்ந்தவை. அக்காட்டிற்குள் நாம் விரும்பியவாறு நுழைதல் கூடாது. ஆனால், அக்காடு தரும் நீர் நம் காலடிக்கே வருகின்றது. காட்டைக் காப்பது அரசின் கடமையாயின், வந்த நீரைக் காப்பது நம் கடமையன்றோ?

மாணவர்களே! நீங்களும் உங்கள் ஊர்க்குளக்கரையில் நடந்து பாருங்கள். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. விடியற்காலையிலோ மாலையிலோ, பெரியவர் ஒருவர் துணையோடு செல்லுங்கள். குடிநீரும் ஒரு சிறு குறிப்பேடும் போதும். மண்ணிறமும் பசுமையும் கலந்த உடை உடுத்துங்கள். உரத்துப் பேசாதீர்கள், கைப்பேசியில் பாட்டு ஒலிக்கவிடாதீர்கள். கல்லெறிதல், கைதட்டிப் பறக்கவிடுதல் ஆகியவற்றை விலக்குங்கள். நீங்கள் ஒரு நொடி மகிழக் கைதட்டினால், அடைகாக்கும் தாய் கூட்டை விட்டு எழும்; வெயிலில் முட்டை காயும்; காகம் வந்து கவரும். படம் எடுப்பதற்காகக் கூட்டை நெருங்கற்க. கரையில் வழுக்கும் இடத்தையும் மடைவாயிலையும் நெருங்கற்க. கொண்டு சென்ற எதனையும் அங்கே விட்டு வாரற்க.

கண்டதை எண்ணிக் குறித்து வைப்பதும் நல்ல தொண்டு. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலரும் மாணவரும் கூடி நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். அவர்கள் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குளக்கரையிலும் நின்று, இனத்தையும் எண்ணிக்கையையும் எழுதுகின்றனர். எந்தக் குளத்தில் பறவை பெருகியது, எதில் குறைந்தது என்பதை அக்கணக்கு காட்டும். பறவை குறைந்த குளத்தில் ஏதோ ஒரு நோய் உண்டு என்பது தெளிவு. நாடி பார்க்கும் மருத்துவரைப் போல, பறவை எண்ணும் மாணவன் குளத்தின் நலத்தை அறிகின்றான்.

உயர்ந்த இடத்தில் நின்று உலகைக் காண்பது ஓர் இன்பம். உலகத்தோடு ஒரே மட்டத்தில் நின்று காண்பது மற்றோர் இன்பம். பின்னையதில் நாம் உயர்ந்தவர், பிற உயிர் தாழ்ந்தது என்னும் எண்ணத்திற்கு இடமில்லை. நீரும் மட்டம்; கரையும் மட்டம்; மடையருகே இரைக்காக நிற்கும் கொக்கும், மடை திறக்கக் காத்திருக்கும் உழவனும், முழங்கால் வலியோடு நடக்கும் முதியவனும் அங்கே ஒரே நீரை நம்பி நிற்கும் சுற்றத்தார். அச்சுற்றம் பெருக வேண்டுமாயின் குளம் நிறைய வேண்டும். குளம் நிறைய வேண்டுமாயின், ஊரார் அதனைத் தம் வீட்டு முற்றமாகக் கருதிப் பேண வேண்டும்.